மஞ்சள் திரைச்சீலையும் சத்தமில்லாத பஸ்ஸும்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், உன் சித்தியும் நன்றாகவே இருக்கிறாள், அவளுடைய இடது முழங்கால் மட்டும் எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்பதில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல், சிரித்த முகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனா மூடியைத் திறந்திருக்கிறேன், அப்படி இல்லை என்றால் ஒரு வார்த்தை சொல், பஸ்ஸை நேரே அங்கே திருப்பிவிடுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து அதற்குக் கை கால் வைத்து எழுந்து நிற்க வைப்பதற்குள் உன் சித்தி பிடுங்கிக்கொண்டு, "அவரு சொல்றதுல பாதிய நம்பாத கண்ணு" என்று முடித்துவிடுகிறாள். தாளில் எழுதினால் யாரும் பிடுங்க முடியாது பார். எட்டாம் வகுப்போடு நின்றவன் கடிதம் எழுதுகிறானே என்று உன் ஆபீசில் யாராவது சிரித்தால், நான் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவில்லை, பள்ளிக்கூடம்தான் என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றுவிட்டது என்று சொல். உன்னைப் பெற்றது என் அண்ணனாக இருக்கலாம், ஆனால் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார வைத்து ஊரைக் காட்டி வளர்த்தவன் நான், எனக்கு இல்லாத உரிமையா.

முதல் செய்தி, என் கைக்குக் கரண்ட் பஸ் வந்துவிட்டது. நீ அங்கே காற்றில் எவ்வளவு புகை இருக்கிறது என்று அளக்கிற ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாய், நான் இங்கே அந்தப் புகையைக் குறைக்கிற வேலையில் உட்கார்ந்திருக்கிறேன், ஆகமொத்தம் நாம் இரண்டு பேரும் ஒரே இலாகா. அரசாங்கம் சட்டம் போட்டு வயதான டீசல் பஸ்களை எல்லாம் உடைப்புக்கு அனுப்பிவிட்டது, என் பழைய வண்டியும் போயிற்று, போகும்போது டிப்போ வாசலில் கடைசியாக ஒரு தும்மல் தும்மி வாட்ச்மேன் சட்டையைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் போனது. புது வண்டி வெள்ளை வெளேர் என்று, சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். பயிற்சி கொடுக்க வந்தது உன் வயதுப் பெண், "ஐயா, ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க, தடவிக் கொடுங்க" என்றாள். ஒரே வாரத்தில் நான் தடவிக் கொடுத்த அழகைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் இனிமேல் ஒன்றும் இல்லை என்று கைகூப்பாத குறை. இந்த வண்டியில் ஒரு விசேஷம், நம் வீடு இருக்கிற மேட்டில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் கரண்ட் திரும்ப பேட்டரிக்கே போய்ச் சேர்ந்துவிடும், ஏறும்போது சாப்பிட்டதில் கொஞ்சத்தை இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிடும். மற்ற டிரைவர்களுக்குக் கொஞ்சம்தான் திரும்பும், நான் இறங்குகிற இறக்கத்துக்கு டிப்போ விளக்கு மொத்தமும் எரியும் என்று வைத்துக்கொள்.

ஆனால் கண்ணு, வண்டிக்குச் சத்தமே கிடையாது. பூனை நடக்கிற மாதிரி வந்து நிற்கும். முதல் நாள் எனக்கே வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம், கண்ணாடி வழியாக மரம் பின்னால் போவதைப் பார்த்துத்தான் நம்பினேன். பக்கத்தில் கண்டக்டருடைய வயிறு கடமுடா என்றால் கூடக் கேட்கிறது. இத்தனை வருஷம் எஞ்சின் உறுமலைக் கேட்டுக் கியர் மாற்றிய காது, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் மேடு ஏறும்போது என்னை அறியாமல் வாயாலேயே ட்ர்ர்ர் என்று ஓட்ட ஆரம்பித்துவிட்டேன், எதிர் வீட்டு வக்கீல் ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு, "டிரைவருக்கு என்ன, வயித்து வலியா?" என்று கண்டக்டரிடம் கேட்டாராம். நீ சிரிக்காதே.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நம் மேட்டு ஜனங்களின் பழக்கம் உனக்குத் தெரியும், ஒருத்தரும் கடிகாரம் பார்த்து பஸ்ஸுக்கு வந்தது கிடையாது. என் பழைய வண்டி கீழே முதல் வளைவில் உறுமினாலே மேடு முழுக்கக் கேட்கும், அவன் மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் ஒரு டீயைக் குடித்து, தலையைச் சீவி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இப்போது நான் மேலே போவதும் தெரியவில்லை, கீழே வருவதும் தெரியவில்லை. ஸ்டாப்பில் நின்று பார்ப்பேன், ஈ காக்கை இருக்காது, கிளம்பி அடுத்த வளைவு திரும்பினால் கண்ணாடியில் நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடிவருவது தெரியும். ஹாரன் அடிக்கலாமே என்பாய். பிரசவ ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருக்கிறது என்று மேடு முழுவதையும் சத்தம் போடக் கூடாத இடமாக அறிவித்திருக்கிறார்கள், அது நல்ல சட்டம்தான், பச்சைக் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன, இத்தனை நாள் எங்கே இருந்தனவோ, குருவிச் சத்தம் கேட்கிறது. நேரப் பலகை மாட்டினார்கள், ஆனால் கீழே மார்க்கெட் நெரிசலைத் தாண்டி நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாதே, பலகைக்கு எப்படித் தெரியும். போனில் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு ஏற்பாடும் செய்தார்கள், நம் மேட்டு மறைவில் சிக்னல் குழம்பி, பஸ் ஏரி நடுவில் நிற்கிற மாதிரி காட்டியது. தையல்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீச்சல் தெரிஞ்சவங்கதான் ஏறணுமா?" என்று கேட்டார்.

இந்த அழகில் ஒரு நாள் காலையில் உன் சித்தியையே விட்டுவிட்டுப் போய்விட்டேன். ஆமாம், சொந்த பஸ், சொந்தப் பெண்டாட்டி. அவள் சமையலறையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டே என் எஞ்சின் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்திருக்கிறாள், நான் நம் வீட்டு ஸ்டாப்பில் நின்று, பார்த்து, ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டேன். பாவம், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் அவள் வேலை பார்க்கிற நகராட்சி நாற்றுப் பண்ணை வரைக்கும் நடந்தே போயிருக்கிறாள். சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான், அது எந்த ஹாரனையும் விடப் பெரிய சத்தம். டிப்போவில் செய்தி பரவி, இரண்டு நாளைக்கு எவன் என்னைப் பார்த்தாலும், "அண்ணே, வீட்ல யாரையாவது மறந்து வச்சிட்டு வந்தீங்களா?" என்று ஒரே கேலி.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. டிப்போ மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா, உன் வண்டி காத்தாடுதாமே" என்றார். இந்த பஸ்ஸை மேட்டுக்கு வெள்ளோட்டமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், மழைக்காலம் முடிவதற்குள் பாதி சீட்டாவது நிறையவில்லை என்றால் கூட்டம் இருக்கிற வேறு ரூட்டுக்கு எடுத்துவிடுவார்கள், சரி பழைய வண்டியாவது திரும்ப வருமா என்றால் அதைத்தான் உடைத்தாயிற்றே, ஆக மேட்டுக்கு பஸ்ஸே கிடையாது. எனக்கு ஒன்றும் இல்லை, என்னை எந்த ரூட்டிலும் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். உன் சித்திக்குத்தான். ஒரு நாள் நடந்ததற்கே இரண்டு நாள் கால் வீங்கிப்போயிற்று, பஸ் இல்லை என்றால் அவள் பண்ணை வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அவளுக்கு அந்த நாற்றுகள் என்றால் உயிர், என்னிடம் பேசாத இரண்டு நாளும் அதுகளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள் என்று பண்ணைக்காரர் சொன்னார். நகரம் முழுக்க ரோட்டோரம் நிற்கிற கன்றுகளில் பாதி அவள் கையால் முளைத்தது, இதில் நான் ஒரு இலை கூடச் சேர்த்துச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள், "அப்ப இந்த வருஷத்து நாத்த யாரு எடுத்து நடுவா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு, இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை.

மறுநாள் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "உங்களையும் நம்ப மாட்டேன், உங்க வண்டியையும் நம்ப மாட்டேன். நீங்க மேல போறப்ப மாடியிலருந்து பாத்துக்கறேன், பாத்துட்டேன்னா கொடியில துணி போடுவேன். துணி கெடந்தா நான் வரேன்னு அர்த்தம், எனக்காக நின்னு ஏத்திட்டுப் போங்க" என்றாள். நம் வீடு முதல் வளைவில் இருப்பதால் கீழே மார்க்கெட் முனையில் நான் திரும்புவது மாடியிலிருந்து பளிச்சென்று தெரியும். போட்டது எந்தத் துணி தெரியுமா, உன் அறை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் திரைச்சீலை, கையில் கிடைத்தது அதுதான், கண்ணைப் பறிக்கிற மஞ்சள். நான் மேலே ஏறும்போது அது கொடியில் ஆடும், நானும் ஜன்னல் வழியாக ஒரு கையை ஆட்டிவிட்டுப் போவேன், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கிறது என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டான். இது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஏற்பாடு. ஆனால் நம் மாடி மேட்டில் எந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரியும் அல்லவா, நாலைந்து நாளில் ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், மஞ்சள் துணி ஏறினால் பஸ் மேலே போயிருக்கிறது, இனி ஒரு டீ குடித்து, தலை சீவி, வீட்டைப் பூட்டினால் சரியாக இருக்கும். பழைய கணக்கு அப்படியே, காதுக்குப் பதில் கண். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் நிற்க ஆரம்பித்தது. எதிர் வீட்டு வக்கீலை உனக்கு நினைவிருக்கும், தன்னந்தனியாக அவ்வளவு பெரிய காரில் போய் வருவாரே, அவரும் ஒரு நாள் ஏறினார். ஏன் சார் என்றேன், மார்க்கெட் பக்கம் கார் நுழைந்தால் கட்டணம் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது, அதோடு காலையில் பால்கனியில் காபி குடிக்கும்போது சித்தி துணி போடுவதைப் பார்த்தால் கால் தானாகப் படி இறங்குகிறது என்றார். அதற்குப் பிறகு காருக்கு மஞ்சள் கவர் ஒன்றை மாட்டி வாசலில் படுக்கப் போட்டுவிட்டார்.

நடுவில் ஒரு கூத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி அந்தத் திரைச்சீலை அழுக்காகிவிட்டது என்று துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள், துவைத்ததைக் கொடியில் போடாமல் வேறு எங்கே போடுவது. மத்தியானத்தில் பஸ்ஸே கிடையாது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூட்டம், விசேஷ பஸ் விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று பையும் குடையுமாகப் பாதி மேடு வந்து நிற்கிறது. நான் பனியனோடு வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தேன், கணக்கு டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க இங்க நிக்கிறீங்கன்னா பஸ்ஸ யாரு ஓட்டறா?" என்று அலறினார். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சித்தி மேல் பாய்ந்தார்கள், "அக்கா, இனிமே பாத்துத் துணி காயப்போடுங்க!" என்று. துவைத்த துணிக்குத் திட்டு வாங்கிய முதல் பெண்மணி உன் சித்தியாகத்தான் இருப்பாள். அன்றைக்கே நடு ரோட்டில் நின்று ஒரு தீர்மானம் போட்டோம், மேட்டில் யாரும் மொட்டை மாடியில் மஞ்சள் துணி காயப்போடக் கூடாது, மஞ்சள் பஸ்ஸுக்கு மட்டும். தீர்மானத்தை முன்மொழிந்தது நான்தான், தையல்கடைக்காரர் தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், அதை நீ கண்டுகொள்ளாதே. அரசாங்கம் போட்ட சட்டத்தையாவது அங்கங்கே மீறுவார்கள், இந்தச் சட்டத்தை ஒருத்தர் மீறவில்லை, டீச்சர் தன்னுடைய மஞ்சள் சேலையை அறைக்குள் ஃபேன் போட்டுக் காயவைக்கிறார்.

இனி முக்கியமான கட்டம், நிமிர்ந்து உட்கார்ந்து படி. வெள்ளோட்டம் முடிகிற கடைசி நாள் மேனேஜரும் தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெரிய அதிகாரி அம்மாவும் கூட்டத்தை நேரில் பார்க்கவேண்டும் என்று கீழேயே ஏறிக்கொண்டார்கள். அந்த அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, நான் ஓட்டுகிற அழகில் மயங்கி, மந்திரிக்கு வண்டி ஓட்ட வருகிறீர்களா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்கிற மாதிரிதான் பார்த்தார்கள். நானும் தோரணையாக முதல் வளைவில் திரும்பி நம் மாடியைப் பார்க்கிறேன், கொடி மொட்டையாக நிற்கிறது. மஞ்சளைக் காணோம். கண்டக்டரும் பார்த்துவிட்டான், அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. நின்று விசாரிக்க முடியுமா, பக்கத்தில் அதிகாரி, ஹாரன் மேல் என் கட்டைவிரல் போய்ப் போய்த் திரும்புகிறது, நேரே மேலே பிரசவ ஆஸ்பத்திரி. அடிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறிய அந்தத் தூரம் போல ஒரு தூரத்தை நான் ஓட்டியதே இல்லை. மேலே வண்டியைத் திருப்பும்போது மேனேஜர், "என்னய்யா, ஒரு ஜீவனையும் காணோம்" என்று காதோடு சொன்னார். எனக்கு நாற்றும் உன் சித்தியும்தான் கண்ணுக்குள் நின்றது.

இறங்குகிறேன், முதல் ஸ்டாப், நம்ப மாட்டாய், வரிசையாக ஆள். இரண்டாவது ஸ்டாப், அதைவிடக் கூட்டம். தையல்கடைக்காரர், டீச்சர், ஆஸ்பத்திரி நர்சுகள், எல்லோரும் தலை சீவி, பையோடு, டீ குடித்த வாயோடு நிற்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது கண்டக்டர் என் தோளை உலுக்கி, "அண்ணே, கீழ பாருங்க, கீழ பாருங்க!" என்றான். பார்த்தால், வக்கீல் வீட்டு பால்கனியிலிருந்து தரை வரைக்கும் மஞ்சள், ஒரு மஞ்சள் நீர்வீழ்ச்சி, அவருடைய கார் கவர்! நடந்தது என்ன என்றால், நான் டிப்போவுக்குப் போன பிறகு அடித்த காற்றில், மாடியில் மடித்து வைத்திருந்த திரைச்சீலை பறந்துபோய் ஆஸ்பத்திரி கைப்பிடிச் சுவரில் கிழிந்து தொங்கியிருக்கிறது. நான் திரும்பியதைப் பார்த்த சித்தி மாடியில் நின்று, கையில் ஒன்றும் இல்லாமல், காபி குடித்துக்கொண்டிருந்த வக்கீலைப் பார்த்து இரண்டு கையையும் நீச்சலடிக்கிற மாதிரி வீசியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கேட்கும்படி கத்தக் கூடாதே, வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாலும் புரியாத மனுஷனுக்கு அது ஒரு நொடியில் புரிந்திருக்கிறது. வீட்டில் மஞ்சளாக வேறு ஒன்றும் இல்லை, வாசலுக்கு ஓடி, கார் கவரை உருவி, மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், காபித் தம்ளர் ஒரு பக்கம் செருப்பு ஒரு பக்கம் போக, பால்கனியில் தொங்கவிட்டுவிட்டார். நாங்கள் நம் வீட்டு ஸ்டாப்புக்கு வரும்போது மூச்சிரைக்க ஏறினார், உட்கார இடம் இல்லை. பஸ்ஸில் ஆயிரம் பேர் இருந்தார்கள். இதை எட்டிப் பார்த்துவிட்டு உன் சித்தி, பொய் எழுதாதீங்க என்கிறாள், சரி, சீட்டு எல்லாம் நிறைந்து நடுவில் நிற்கவும் இடமில்லை, அது போதாதா. வக்கீலுக்குப் பின்னாலேயே சித்தி நொண்டிக்கொண்டே ஏறினாள், யாரும் சொல்லாமலே அந்த அதிகாரி அம்மா எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த மஞ்சள் கவரைக் காட்டி, அது என்ன, விளம்பரமா என்று கேட்டார்கள். நான் ஒரு சொற்பொழிவுக்குத் தொண்டையைச் செருமுவதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டு, "அதாங்க மேடம், எங்க ஹாரன்" என்றான். நான் சொல்லவேண்டியதை அவன் சொல்லிவிட்டான், அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

பஸ் மேட்டுக்கே நிரந்தரம் என்று உத்தரவு வந்துவிட்டது, சாயங்காலத்துக்கு இன்னொரு வண்டியும் விடுகிறார்களாம். சித்தி இந்த வருஷத்து நாற்றை எடுத்து நட ஆரம்பித்துவிட்டாள், காலுக்கு டாக்டர் கொடுத்த தைலத்தையும் தவறாமல் தேய்க்கிறாள், தேய்ப்பது நான், அதனால் நன்றாகக் கேட்கிறது. வக்கீலின் கார் கவர் இப்போது நம் கொடியில்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கப் போனால், "வெச்சுக்கோங்க, காருக்கு எதுக்கு, அது எங்க போகப்போகுது" என்கிறார், கார் வெயிலில் நிற்கிறது, காக்கைகள் அதற்கு வேறு நிறம் அடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் கார் கவர் கனம், சித்திக்குத் தூக்க முடியவில்லை. அதனால் நீ லீவில் வரும்போது மறக்காமல் நல்ல கெட்டி மஞ்சளில் ஒரு திரைச்சீலைத் துணி வாங்கி வா, வெளிர் மஞ்சள் வேண்டாம், மழையில் தெரியாது. நீயும் அங்கே பக்கத்துத் தெருவுக்கெல்லாம் டாக்ஸி பிடிக்காதே, பஸ்ஸில் போ, ஏறும்போது டிரைவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரி, அவனுக்கும் எங்கேயோ ஒரு மகள் இருப்பாள்.

எந்தக் குறையும் இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் ஜெயித்து, நீ நூறு வருஷம் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும். சித்தியும் அதையே சொல்கிறாள், கூடவே தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறாள். வருகிற நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே எழுது. கீழே மார்க்கெட் முனையில் இறங்கியதும் நம் மாடியை அண்ணாந்து பார், பஸ் இல்லாத நேரமாக இருந்தாலும் சித்தி மஞ்சளை ஏற்றுவாள், மேடு முழுக்கப் பையும் குடையுமாக வந்து ரோட்டில் நிற்கும். பஸ் வராது, நீ வருவாய்.

இப்படிக்கு,
மேட்டு ரூட்டின் ஒரே டிரைவர் (இன்னொருவன் வருகிற வரைக்கும்),
உன் சித்தப்பா